ஐயா விட்டுப்போன புல்லட்: நாற்பதாயிரத்தில் எதை முதலில் செய்வது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தேவகோட்டையில் உங்கள் ஐயா (தாத்தா) வீட்டுப் பின்கட்டில் பதினொரு வருடமாக நிற்கும் 1996 மாடல் புல்லட் 350. கிக்கர் அசைய மறுக்கிறது. கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. மெக்கானிக் ஒருவர், "இன்ஜினை முழுசாப் பிரிச்சுப் புதுசு மாதிரி பண்ணித் தர்றேன், முப்பத்தஞ்சாயிரம் கொடுங்க" என்கிறார். மிச்சம் ஐயாயிரத்தில் பெயின்ட் அடித்துவிடலாம் என்பது உங்கள் கணக்கு. தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும், மாதம் ஒரு தடவை மதுரை. அத்தோடு டிஸ்க் பிரேக், எல்இடி விளக்கு, 500 சிசி கிட் எல்லாம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. இன்ஜினைப் பிரிக்க இப்போது சம்மதிக்காதீர்கள். பிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அளந்து பார்த்து, பிரிக்கக் காரணம் தெரிந்த பிறகு பிரிக்கலாம். பதினொரு வருடம் சும்மா நின்ற வண்டியில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர், வயர், டேங்க், கார்பரேட்டர், பிரேக், டயர் இவைதான். உள்ளே ஆயில் பூசிக் கிடக்கும் இரும்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு கல்லூரி வொர்க்ஷாப்பில் முப்பது வருடம் லேத்தில் நின்றவன். என்னிடம் 1988 மாடல் புல்லட் ஒன்று இன்னும் ஓடுகிறது. 2003இல் இதே தப்பை நான் செய்தேன். வால்வைத் திறக்கும் டேப்பட்டின் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது, அவ்வளவுதான். "வயசாயிருச்சு சார், போர் போட்டுரலாம்" என்றார் ஒருவர். போர் என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. நானும் தலையாட்டினேன். போரிங் போட்ட இடத்தில் பிஸ்டனைக் கையில் வைத்து அளக்காமல், கடையில் சொன்ன சைஸுக்குச் சிலிண்டரைக் கடைந்து கொடுத்துவிட்டார்கள். லேத்காரனான நானே மைக்ரோமீட்டரை எடுத்துப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். திருமயம் தாண்டி, சித்திரை வெயிலில், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

சரி, ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் காகிதம். ஆர்சி ஐயா பெயரில் இருக்கும், அவரும் இல்லை. இறந்தவர் பெயரிலிருந்து மாற்றப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) உடன்பிறந்தவர்கள் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அவர்கள் கையெழுத்துக்கே மாதக்கணக்கு ஆகும், இன்றைக்கே பேச்சை ஆரம்பியுங்கள். அடுத்து, பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. 2022 ஏப்ரலில் இருந்து பைக்குக்கு இந்தக் கட்டணம் 1,000 ரூபாய். இருபது வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கினார்கள். இதற்கு மேல் பசுமை வரி உண்டு, தாமதத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. வண்டிக்குச் செலவு செய்வதற்கு முன் ஆர்டிஓ ஆபீஸில் ஆர்சி நகலைக் காட்டி மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாது. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். அந்தக் காலத்தில் இன்ஜின் கேஸையே மாற்றிப் போட்ட வண்டிகள் உண்டு.

இனி, அசையாத கிக்கர். யாரும் அதன் மேல் ஏறிக் குதிக்க வேண்டாம், உள்ளே கிக்கர் பல் உடையும். பிளக்கைக் கழற்றுங்கள். டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றுங்கள். நான்கு நாள் விடுங்கள், நடுவில் ஒரு தடவை மறுபடி ஊற்றுங்கள். அப்புறம் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டிய ரிங்குகள்தான் பெரும்பாலும் பிடித்திருக்கும். ஒரு நூல் அசைந்தால் போதும், மிச்சம் தானாக வரும். ஒரு வாரம் ஆட்டியும் அசையவில்லை என்றால்தான் ஹெட்டையும் சிலிண்டரையும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

அசைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸின் வார்ப்போடேயே இருக்கும். வருடக்கணக்கில் நின்றால் தொட்டியில் உள்ள ஆயில் கிராங்க் பக்கம் வடிந்துவிடும். அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி வடித்துவிட்டு, ஆயில் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ50 புதிதாக ஊற்றுங்கள். அப்புறம் ஹெட்டுக்குப் போகும் சின்ன ஆயில் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, பிளக் இல்லாமலே கிக்கரை நிதானமாக மிதித்துக்கொண்டே இருங்கள். முப்பது நாற்பது மிதியில் அங்கே ஆயில் கசிந்து வரவேண்டும். வந்தால் பம்பு வேலை செய்கிறது. வரவில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடிக்காமல் இன்ஜினை உயிர்ப்பிக்கவே கூடாது. இதன் பிக் எண்டில், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில், ரோலர் பேரிங் கிடையாது, ஆயிலில் மிதக்கும் உலோக வளையமான புஷ்தான். ஆயில் படலம் இல்லாமல் அது ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் வரும் அழுத்தம். பிளக்கைப் போட்டு, அந்த அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரசர் லீவரைத் தொடாமல் கிக்கர் மேல் உங்கள் எடையை வையுங்கள். நல்ல இன்ஜின் உங்களைச் சில நொடியாவது தாங்கி நிற்கும், அப்புறம் மெதுவாக இறங்கும். தயிர்ப் பானையில் கரண்டி இறங்குவது போலத் தடையே இல்லாமல் இறங்கினால், பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஆயில் ஊற்றியதும் கம்ப்ரஷன் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் வால்வு உட்காரவில்லை, ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு கிரைண்டிங் செய்தால் போதும், ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும். ஓட ஆரம்பித்த பிறகு லோடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக "டொக் டொக்" என்று கேட்டால் அது பிக் எண்ட். அன்றைக்கு முழுசாகப் பிரியுங்கள், நானே சொல்கிறேன். மேலே இருந்து வரும் "டிக் டிக்" டேப்பட்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில், பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், வால்வுக்கு அசைவைக் கொண்டுபோகும் புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் சுலபமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு, கேஜே தேவையில்லை.

பிரித்தே ஆகவேண்டும் என்று வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைப் போரிங் போடுகிறவர் கையில் கொடுத்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். போர் முதலில், பிஸ்டன் அப்புறம் என்றால் என் திருமயம் கதைதான்.

இனி டேங்க். நீங்கள் அனுப்பிய படத்தில் மூடிக்குள் எட்டிப் பார்த்தால் ஆத்தங்குடிச் சிவப்புக் கல் நிறத்தில் துரு தெரிகிறது. ஆசிட் ஊற்றுவார்கள், வேண்டாம். நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்னும், பெயின்ட் மேல் சொட்டினால் அந்தத் தங்கக் கோடும் போய்விடும். புல்லட் டேங்கில் அந்தக் கோட்டைத் திருவொற்றியூர் தொழிற்சாலையில் கையால்தான் இழுத்தார்கள். 1996இல் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது என்றால், வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கும் எண்ணத்தையே விடுங்கள்.

மின்பகுப்பு முறையில் எடுக்கலாம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை, அதாவது நம் சிக்ரியை, காரைக்குடிக்குள் வைத்துக்கொண்டு துருவுக்கு ஆசிட்டைத் தேடிப் போவது நமக்கு அழகில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த நிலையம் அது, 1953 முதல் இயங்குகிறது. அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருவர்தான் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, பெட்ரோல் வாசனையே இல்லாமல் செய்யுங்கள். இதில் அவசரம் கூடாது, காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி அந்த ஓட்டையை ரப்பர் தக்கையால் அடையுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றுங்கள். டேங்க் 14.5 லிட்டர் பிடிக்கும். ஒரு இரும்புக் கம்பி, கட்டட வேலைக்கு வாங்கும் கம்பியே போதும், மூடி வழியாக உள்ளே தொங்க வேண்டும், டேங்கை எங்கேயும் தொடக் கூடாது. பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பிளஸ் கம்பிக்கு, மைனஸ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் கரையப்போவது டேங்க். எவர்சில்வர் கம்பி போடாதீர்கள், அதிலிருந்து குரோமியம் விஷம் தண்ணீரில் இறங்கும். உப்புப் போட்டால் குளோரின் வரும். சலவைச் சோடாதான்.

சுவிட்ச் போட்டதும் வாய்ப்பக்கம் நுரை பொங்கும். அது ஹைட்ரஜன். அதனால் இதைத் திறந்த முற்றத்தில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் வேண்டாம். கம்பியை எடுப்பதற்கு முன் சார்ஜரை அணையுங்கள். ஓர் இரவில் கம்பி முழுக்கக் காபிச் சக்கை மாதிரி அப்பியிருக்கும். சுரண்டிவிட்டு மறுபடி போடுங்கள். கம்பிக்கு நேரே தெரியும் துருதான் முதலில் விடும், மூலையில் இருப்பது பிடிவாதம் பிடிக்கும். கம்பியை வளைத்து இடத்தை மாற்றி இன்னும் ஓர் இரவு விடுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிய அடுத்த நிமிடமே காய வைக்க வேண்டும். நான் என் மகளின் ஹேர் டிரையரை வைத்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஈரத்தோடு பத்து நிமிடம் விட்டால் மெல்லிய புதுத் துரு படிந்துவிடும். காய்ந்ததும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றி உள்ளே சுழற்றி வையுங்கள். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள்.

இத்தனை பாடும் இப்போது வரும் பெட்ரோலுக்காகத்தான். பெட்ரோல் பங்குகளில் இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்துவிட்டது. அதில் இருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். 1996இன் கார்பரேட்டர் வாஷரும் பெட்ரோல் குழாயும் அதற்காகச் செய்தவை இல்லை. பெட்ரோல் குழாயை எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பரில் வாங்குங்கள், டேப்பின் ரப்பரையும் மாற்றுங்கள். கார்பரேட்டரைச் சுத்தம் செய்து பாருங்கள். ஸ்லைடு தேய்ந்து ஆடினால் கிட் போட்டுப் பயனில்லை, புதிதே வாங்குங்கள். ஓட்டும்போது உயரமான மேட்டில் இழுவை குறைந்து பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது பொருந்தும்.

பிரேக், டயர் பக்கம்தான் உங்கள் பணத்தில் பெரிய பங்கு போக வேண்டும். படத்தில் முன்பக்கம் ஒற்றைக் கேம் (பிரேக் ஷூவை விரிக்கும் துண்டு) உள்ள 6 அங்குல டிரம் தெரிகிறது. நூற்று அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டிக்கு அது ஒப்புக்குத்தான். ஆனாலும் நன்றாகச் செய்துகொண்டால் நம் ஊர் ஓட்டத்துக்குப் போதும். டிரம்மை லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு வெட்டி வட்டமாக்குங்கள். புது பிரேக் ஷூ போடுங்கள். போட்டதோடு விடாதீர்கள். ஷூ முழுக்க சாக்பீஸைத் தேய்த்து, வீலை மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சாக் அழிந்த இடம்தான் டிரம்மைத் தொடும் இடம். புது ஷூவில் பெரும்பாலும் நடுவில் இரண்டு விரல் அகலம்தான் அழிந்திருக்கும். அந்த மேட்டை எமரித் தாளால் தேய்த்து, மறுபடி சாக், மறுபடி சுற்று. நாலைந்து தடவையில் ஷூவின் முக்கால் பாகம் தொட ஆரம்பிக்கும். இதை எந்தப் பட்டறையிலும் உங்களுக்காக உட்கார்ந்து செய்ய மாட்டார்கள், நேரம் பிடிக்கும் வேலை. ஒரு ஞாயிறு காலையில் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே செய்துவிடலாம். பழைய ஷூவின் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

கேபிள் புதிது போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது டிரம்மின் மேல் இருக்கும் இரும்புக் கையும் கேபிளும் செங்கோணத்தில் வருகிற மாதிரி கையைப் பல் மாற்றி மாட்டுங்கள். பாதிப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

இவ்வளவும் செய்து ஓட்டிய பிறகும் மதுரை ரோட்டில் போதவில்லை என்று தோன்றினால், அப்போது 7 அங்குல இரட்டைக் கேம் டிரம்முக்குப் போங்கள். மச்சிஸ்மோ என்ற ராயல் என்ஃபீல்டு மாடலில் வந்தது. வீலோடு சேர்த்துப் பழையது கிடைக்கும். ஃபோர்க்கின் அடிக்கட்டை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிஸ்க் போடலாம், ஆனால் ஃபோர்க், வீல், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாற வேண்டும், அந்தச் செலவு உங்கள் பட்ஜெட்டில் பாதியைத் தின்னும்.

டயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடு) நிறைய இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2312 என்றிருந்தால் 2012இன் 23ஆம் வாரம். அந்த ரப்பர் கருங்கல்லாகியிருக்கும், ஐப்பசி மழையில் வழுக்கும். இரண்டும் 3.25க்கு 19, டியூபோடு மாற்றுங்கள். கழற்றிய கையோடு வீல் பேரிங், ஸ்டீரிங் கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல் மூன்றும் போட்டுவிடுங்கள், கூலி ஒரே கூலிதான்.

கரண்ட் வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். பதினொரு வருடத்தில் எலி கடிக்காத வயரிங்கே கிடையாது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டுவதற்குப் பதில் புது வயரிங் கிட் போடுங்கள். பேட்டரி, ரெக்டிஃபையர் புதிது. ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே. முக்கியமாக, இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனியாக ஒரு கனத்த எர்த் வயர். நூறு ரூபாய் ஆகாது, பாதி நோய் அதிலேயே தீரும். பிளக்கில் பொறி எப்போது தெறிக்க வேண்டும் என்று சொல்லும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். இந்த வண்டியில் பேட்டரி செத்தால் பாயிண்டுக்குக் கரண்ட் இல்லை, பாயிண்டுக்குக் கரண்ட் இல்லை என்றால் வண்டியும் இல்லை. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். எல்இடி பல்பைப் பழைய ரிஃப்ளெக்டருக்குள் திணித்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், ரோட்டில் விழாது. நல்ல ஹாலஜன், ரிலே, எர்த் இருந்தால் போதும். டெயில் லைட்டுக்கு எல்இடி போடுங்கள், அது நல்லது.

ஒரு சங்கதி. காலையில் அழகாக ஸ்டார்ட் ஆகி, பாதி வழியில் நின்றுபோய், அரை மணி நேரம் புளியமரத்தடியில் ஆறிய பிறகு மறுபடி ஓடினால், எல்லாரும் காயில், கண்டென்சர் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், சூட்டில் சாகும் பொருள்கள் அவை. பாயிண்டில் நீலப் பொறி தாராளமாகத் தெறித்தால் கண்டென்சர்தான். ஆனால் அதற்கு முன் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று இழுத்தால், மூடியில் உள்ள சின்ன ஓட்டை அடைத்திருக்கிறது. நான் இரண்டு காயிலும் மூன்று கண்டென்சரும் வாங்கிய பிறகு கண்டுபிடித்தது இது. ஒரு குண்டூசியில் சரியானது.

500 சிசி கிட் வேண்டாம். 70க்கு 90 மில்லிமீட்டர், 346 சிசி, 18 குதிரைத் திறன் என்று செய்த இன்ஜின் இது. நிறுத்தவே திணறும் டிரம்மை வைத்துக்கொண்டு இழுவையைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. அதோடு ஆர்சியில் இருக்கும் சிசி மாறினால் பதிவுப் புதுப்பிப்பில் மாட்டிக்கொள்வீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிடும். "டம் டம்" சைலன்சரும் அப்படித்தான். உண்மையான முன்னேற்றம் என்று நான் சொல்வது இவ்வளவே: நல்ல பிரேக், நல்ல வெளிச்சம், நல்ல செயின், பின்னால் ஒழுங்கான ஷாக் அப்சார்பர். அறுபது, அறுபத்தைந்தில் ஓட்டினால் தேவகோட்டை-காரைக்குடி தினம் போய்வர அது அலுக்காது.

கணக்கு சொல்கிறேன். டயர், பிரேக், பேரிங், ஃபோர்க், ஸ்போக் இறுக்குவது எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம். செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட், கேபிள்கள் நாலு. வயரிங், பேட்டரி, பாயிண்ட், காயில் ஆறு. கார்பரேட்டர் இரண்டரை. ஆயில், ஃபில்டர், பேக்கிங் ஒன்றரை. கூலி ஐந்து. முப்பதாயிரம் ஆகிறது. மீதிப் பத்தாயிரம் ஆர்டிஓவுக்கும், நான் சொல்ல மறந்ததற்கும். சாமான் வாங்க மதுரைக்கோ, சென்னை போகிறவர் இருந்தால் ஜிபி ரோட்டுக்கோ சொல்லிவிடுங்கள். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. மெட்ராஸில் 1955 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் கிட்டத்தட்ட இதே இன்ஜினைத்தான் செய்தார்கள், அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை. போலிக்கும் பஞ்சமில்லை. கிளட்ச் பிளேட்டும் பாயிண்டும் மட்டும் விலை குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும் எண்ணி வாங்கிச் சாக்கில் கட்டி வையுங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நம் செட்டிநாட்டு வீட்டுக் கதவும் தூணும் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனியோடு வந்த ஹெட்லைட் வளையத்துக்கும், கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டருக்கும் இதே மாதிரி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டறையில் "அது தேஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று சொன்னால் எந்தக் குப்பையில் என்று கேளுங்கள்.

குரோம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் விடுங்கள். குரோம் என்பது பளபளப்புக்கு மட்டும்தான், துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். விலை குறைத்துச் செய்கிற இடங்களில் நிக்கலைத்தான் குறைப்பார்கள், ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகப் பூக்கும்.

வண்டி தயாரானதும், இதுவரை மற்ற பைக்குகளை ஓட்டிய உங்கள் காலுக்கு ஒரு வாரம் பழக்கம் வேண்டும். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அவசரத்தில் வலது கால் பிரேக்கைத் தேடி கியரை மிதிக்கும். அதனால் முதல் வாரம் மெயின் ரோட்டுக்குப் போகாமல், வீட்டைச் சுற்றியிருக்கும் அகலமான தெருக்களில் விடியற்காலையில் ஓட்டுங்கள்.

கிக் அடிக்கும் முறை: சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கும்போது ஆம்ப் மீட்டர் முள் இடது பக்கம் சாயும். கிக்கர் இறுகி, முள் நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் மேலே இருக்கிறது. டிகம்ப்ரசரைப் பிடித்துக் கிக்கரை ஒரு பிடி கீழே தள்ளி, டிகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையோடு ஒரே மிதி. ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள். உங்கள் ஐயா செருப்புக் காலோடு இப்படித்தான் ஸ்டார்ட் செய்திருப்பார். நீங்கள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் வீங்கும்.

முதல் 300 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தடவை மாற்றிவிடுங்கள், பதினொரு வருடத்து மண்டி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் தூள் மின்னினால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அப்போது இன்ஜினைப் பிரிப்பது பற்றிப் பேசலாம்.